அழைத்தவுடன் வரும் நாய்: புதிதாக நாய் வளர்ப்போருக்கான பயிற்சி வழிகாட்டி

நாய்க்கு ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் கற்றுத்தரலாம் என்ற நிலை வந்தால், அழைத்தவுடன் திரும்பி வரும் பழக்கத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். உட்காரவும் கை கொடுக்கவும் தெரியாத நாயோடு நிம்மதியாக வாழ்ந்துவிடலாம். ஆனால், கதவு திறந்திருந்த நேரம் பார்த்துச் சாலைக்குப் பாய்ந்துவிட்ட நாய், பின்னாலிருந்து வரும் குரலைக் கேட்டுத் திரும்பாவிட்டால் அதன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. கயிறில்லாமல் ஓடியாடும் சுதந்திரமும் அழைத்தால் வரும் நாய்க்குத்தான் கிடைக்கிறது.

இதற்குத் தனித்திறமை எதுவும் தேவையில்லை. பொறுமையும், நாம் நமக்கே விதித்துக்கொள்ளும் சில கட்டுப்பாடுகளும் போதும். பயிற்சி பலிக்காத வீடுகளில் நாயின் பிடிவாதத்தையே பெரும்பாலும் குறை சொல்வார்கள். நான் பார்த்தவரை, அழைக்கும் சொல்லை வீட்டிலுள்ளவர்கள் கண்டபடி பயன்படுத்தி அதன் மதிப்பைக் கெடுத்துவிடுவதே உண்மையான காரணமாக இருக்கிறது. எனவே கீழே வரும் படிகள் எல்லாவற்றிலும் ஊடாடும் விதி ஒன்றுதான்: அழைப்புச் சொல் காதில் விழும் ஒவ்வொரு முறையும் நாய்க்கு நல்லதே நடக்க வேண்டும்.

நாயின் கணக்கு

உணவுக்கு முன் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, நாளடைவில் அந்த ஒலியைக் கேட்டாலே உமிழ்நீர் சுரக்கும் என்பதை ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாக ஆராய்ந்து காட்டினார். அதற்குச் சற்று முன்பே, 1898-ல், பெட்டிக்குள் அடைத்த பூனைகள் தாமாக வெளியேறக் கற்றுக்கொள்வதைக் கவனித்த அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக், நல்ல பலன் தந்த செயலையே விலங்குகள் மீண்டும் செய்ய முற்படுகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். அழைப்புப் பயிற்சிக்கு இவ்விரண்டுமே அடித்தளம். சொல்லைக் கேட்டதும் நாய்க்கு ஆவல் பிறக்க வேண்டும். வந்து சேர்ந்ததும் அதற்குக் கைமேல் பலன் கிடைக்க வேண்டும்.

இதே விதி நமக்கு எதிராகவும் வேலை செய்யும் என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. மைதானத்தில் மற்ற நாய்களோடு விளையாடிக்கொண்டிருக்கும் நாயை அழைத்து, வந்தவுடன் கயிற்றை மாட்டி வீட்டுக்கு இழுத்துச் சென்றால், அந்தச் சொல் வந்தால் விளையாட்டு முடிந்தது என்று நாய் புரிந்துகொள்கிறது. குளிப்பாட்டவும், நகம் வெட்டவும், மருந்து புகட்டவும் அதே சொல்லால் அழைத்தால், அதைக் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று ஆகிவிடும். இவற்றைவிடக் கெடுதலானது, பலமுறை கூப்பிட்டும் வராமல் ஒருவழியாக வந்து சேர்ந்த நாயைத் திட்டுவது. நமக்கு அது தாமதத்துக்கான தண்டனை. நாயின் பார்வையிலோ, அது கடைசியாகச் செய்த காரியம் நம்மிடம் வந்ததுதான். ஆகவே, வந்ததற்காகவே அடி விழுந்ததாக அது எடுத்துக்கொள்ளும்.

தொடங்குவதற்கு முன்

முதலில் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். ‘வா’, ‘இங்கே வா’, ‘கம்’ என எதுவாகவும் இருக்கலாம். வீட்டிலுள்ள எல்லோரும் அதே சொல்லைத்தான் பயன்படுத்த வேண்டும். நாயின் பெயரையே அழைப்புச் சொல்லாக வைத்துக்கொள்ளாதீர்கள். பெயரை நாளெல்லாம் நூறு காரணங்களுக்காக உச்சரிக்கிறோம். கொஞ்சும்போதும் அதட்டும்போதும் அதுதான் வாயில் வருகிறது. பெயர் என்பது ‘என்னைப் பார்’ என்பதற்கு மட்டும் இருக்கட்டும். ஏற்கெனவே ஒரு சொல்லை ஆயிரம் முறை கத்தி நாய் அதைக் காதில் வாங்காத நிலைக்கு வந்திருந்தால், அதைச் சீர்செய்ய முயல்வதைவிடப் புதிய சொல்லை எடுத்துக்கொண்டு அடியிலிருந்து தொடங்குவதே எளிது.

விசில் ஒரு நல்ல மாற்று. அது வெகுதூரம் கேட்கும். யார் ஊதினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் எரிச்சலும் பதற்றமும் அதில் வெளிப்படுவதில்லை. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைக் கேட்கிறது. நாயின் காது அதைப்போல் இரு மடங்குக்கும் மேலான அதிர்வெண்ணையும் கேட்கும். நமக்குச் சரியாகக் கேட்காத ‘மௌன விசில்’ வகைகள் இந்த அடிப்படையில் செய்யப்பட்டவை. ஆனால் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நமக்கும் கேட்கும் சாதாரண விசிலையே பரிந்துரைப்பேன்; எப்படி ஊதினோம் என்பது நமக்கே தெரியாவிட்டால் ஒரே மாதிரி ஊதுவது கடினம்.

அடுத்து, பரிசு. வழக்கமாகத் தட்டில் போடும் உணவு இந்தப் பயிற்சிக்குப் போதாது. உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழித் துண்டு, சிறிதளவு பாலாடைக்கட்டி போன்ற, நாய்க்கு மிகவும் பிடித்த ஏதேனும் ஒன்றைப் பட்டாணி அளவுத் துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். மென்மையாகவும், மெல்லாமல் உடனே விழுங்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி சேர்த்த பண்டங்கள், சமைத்த எலும்பு ஆகியவற்றைக் கொடுக்கவே கூடாது. பரிசாகத் தருபவை ஒரு நாளைய மொத்த உணவுச் சக்தியில் பத்து சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, அந்த அளவுக்கு வழக்கமான உணவைக் குறைத்துவிடுங்கள். சில நாய்களுக்குத் தீனியைவிடப் பந்தும் இழுபறி விளையாட்டும் பெரிதாக இருக்கும். எது பரிசு என்பதை முடிவு செய்ய வேண்டியது நாய்தான்.

கழுத்துப் பட்டை, மார்பைச் சுற்றி அணிவிக்கும் ஹார்னஸ், 5 முதல் 10 மீட்டர் வரை நீளமுள்ள கயிறு ஆகியவை தேவை. நீளக் கயிற்றை எப்போதும் ஹார்னஸில்தான் மாட்ட வேண்டும். ஓடி வந்த வேகத்தில் கயிறு முடிந்து சுண்டினால், கழுத்துப் பட்டையில் மாட்டிய நாயின் கழுத்தெலும்பும் தொண்டையும் காயப்படக்கூடும்.

முதல் படி: சொல்லுக்கு மதிப்பு ஏற்றுதல்

வீட்டுக்குள், வேறு சலசலப்பு எதுவும் இல்லாத அறையில், நாய் உங்கள் காலடியில் இருக்கும்போது தொடங்குங்கள். சொல்லைத் தெளிவாக, மகிழ்ச்சியான குரலில் ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, உடனே ஒரு துண்டைக் கொடுங்கள். நாய் எதையும் செய்ய வேண்டியதில்லை. அது பக்கத்திலேயே இருப்பதால் அழைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஐந்தாறு முறை இப்படிச் செய்து நிறுத்திவிடுங்கள். நாளைக்கு இரண்டு மூன்று வேளை, சில நாள்கள் இது தொடரட்டும்.

இதில் வரிசை மிக முக்கியம். முதலில் சொல், பிறகு கையின் அசைவு. சொல்வதற்கு முன்பே கை பைக்குள் போய்விட்டால், நாய் சொல்லை விட்டுவிட்டுப் பையைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளும். பை இல்லாத நாளில் உங்கள் குரலுக்கு மதிப்பிருக்காது. கையைப் பக்கவாட்டில் அசையாமல் வைத்துக்கொண்டு, சொல்லை முழுதாகச் சொல்லி முடித்த பிறகே கையை நகர்த்துங்கள்.

நாய் ஜன்னலையோ சுவரையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது மெதுவாக அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். முதலில் காது நிமிரும். அந்தக் கணமே தலை சட்டென்று உங்கள் பக்கம் திரும்பினால், அடுத்த படிக்குப் போகலாம். காது மட்டும் அசைந்து தலை திரும்பாவிட்டால் இன்னும் சில நாள் பொறுங்கள்.

இரண்டாம் படி: வீட்டுக்குள் தூரம்

இப்போது இரண்டடி தள்ளி நின்று அழையுங்கள். பிறகு அறையின் மறுகோடியிலிருந்து. பிறகு அடுத்த அறையிலிருந்து. நாய் வரத் தொடங்கிய கணத்திலேயே ‘சபாஷ்’ என்று உற்சாகப்படுத்துங்கள். வந்து சேர்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நான்கு துண்டுகள் கொடுங்கள். ஒரேயடியாகக் கைநிறையக் கொடுப்பதைவிட இப்படி நிறுத்தி நிறுத்திக் கொடுப்பது நல்லது. நம் அருகில் நிற்கும் நேரம் நீள்வதால், வாயில் கவ்விக்கொண்டு திரும்பி ஓடும் பழக்கம் வராது.

நம் உடல்மொழியையும் நாய் படிக்கிறது. அதை நோக்கிக் குனிந்து, நேருக்கு நேர் வெறித்துப் பார்த்தபடி அழைத்தால் பல நாய்கள் தயங்கி நின்றுவிடும். சற்றுப் பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கித் தாழ்ந்தோ, இரண்டு மூன்று எட்டுப் பின்னால் நகர்ந்தோ அழைத்தால் அவை துள்ளிக்கொண்டு வரும்.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மாறி மாறி அழைக்கலாம். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழைத்து, தேடிக் கண்டுபிடிக்கும் நாயைக் கொண்டாடுவது அதைவிடச் சிறந்தது. குழந்தைகளும் சேர்ந்து பயிற்சி தரக்கூடிய கட்டம் இது.

அழைத்தும் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். சொல்லை இரண்டாம் முறை சொல்லாதீர்கள். ‘வா, வா, வா’ என்று பத்து முறை சொன்னால், பத்தாவது முறைக்குத்தான் வர வேண்டும் என்று நாய் பழகிவிடும். கைதட்டுங்கள், நாக்கால் ஒலி எழுப்புங்கள், அருகே சென்று மூக்கருகில் தீனியைக் காட்டிக் கூடவே அழைத்து வாருங்கள். அடுத்த முறை தூரத்தைக் குறையுங்கள். வராதது, அந்தப் படி அதற்கு இன்னும் எட்டவில்லை என்பதற்கான தகவல்.

மூன்றாம் படி: கழுத்துப் பட்டையைப் பிடிக்க விடுதல்

பெரும்பாலானோர் தவறவிடும் படி இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஓடி வந்த நாய், கைக்கு எட்டும் தூரத்துக்குச் சற்று வெளியே நின்று, நாம் கையை நீட்டியதும் விலகி ஓடும் காட்சியைப் பூங்காக்களில் அடிக்கடி பார்க்கலாம். அந்த நாய் அழைப்பை மதிக்கவே செய்கிறது. தலைக்கு மேலிருந்து இறங்கும் கைக்குத்தான் அஞ்சுகிறது.

தீனி வைத்திருக்கும் கையை உங்கள் முழங்காலோடு ஒட்டித் தாழ்வாக வைத்துக்கொள்ளுங்கள். நாயின் மூக்கு அங்கே வந்து தொடும். மற்றொரு கையைக் கீழிருந்து, தாடைக்கு அடியில் வருடியபடி கொண்டுபோய், இரு விரல்களைக் கழுத்துப் பட்டைக்குள் நுழையுங்கள். விரல் பட்டையைத் தொட்ட பிறகே தீனியைக் கொடுங்கள். தின்று முடித்ததும் விரலை எடுத்துவிட்டு, ‘போ’ என்று அனுப்பிவிடுங்கள். கை பட்டையைத் தொடுவதுதான் தீனி வரப்போவதற்கான அறிகுறி என்று நாய்க்குப் பதிந்துவிட்டால், அது தானே கழுத்தை நீட்டிக் கொடுக்கும். ஆபத்து நேரத்தில் பதற்றத்தோடு நாம் பாய்ந்து பிடிக்கும்போதும் விலகாமல் நிற்கும்.

நான்காம் படி: நீளக் கயிற்றோடு வெளியே

வீட்டுக்குள் கற்றதை நாய் வெளியிலும் தானாகச் செய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நாய்கள் ஒரு பாடத்தை அது கற்ற இடத்தோடு சேர்த்தே நினைவில் கொள்கின்றன. ஆகவே வெளியே வந்ததும், இரண்டாம் படியின் தொடக்கத்துக்கே திரும்பி, இரண்டடி தூரத்திலிருந்து ஆரம்பியுங்கள். முற்றம், ஆளில்லாத நேரத்து மைதானம், பிறகு சற்று நடமாட்டமுள்ள இடம் என்று படிப்படியாக முன்னேறுங்கள். ஒரே நேரத்தில் தூரத்தையும் கவனச்சிதறலையும் சேர்த்துக் கூட்டாதீர்கள். ஒன்றைக் கூட்டும்போது மற்றதைக் குறையுங்கள். பத்து முறை அழைத்தால் ஒன்பது முறையாவது தயங்காமல் வருகிறது என்ற நிலை வந்த பிறகே அடுத்த இடத்துக்குப் போகலாம்.

நீளக் கயிறு நாயை இழுத்து வருவதற்கு அன்று. அது ஓடிப்போய், அழைப்பை மீறுவதே சுகம் என்று கற்றுக்கொள்ளாமல் தடுப்பதற்கு. கயிறு தரையில் தளர்ந்து கிடக்கட்டும். அதை ஒருபோதும் விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். பெரிய நாய் பாய்ந்தால் விரல் முறியும், உள்ளங்கை உராய்ந்து புண்ணாகும். கையுறை அணிவது நல்லது. மற்ற நாய்களோடு கூட்டமாக விளையாடும்போது கால்களில் சிக்கிக்கொள்ளும் என்பதால், அங்கே நீளக் கயிறு வேண்டாம்.

ஐந்தாம் படி: மனத்தை இழுக்கும் உலகம்

பூனை, பறவை, வேறு நாய், ஓடும் குழந்தை, மண்ணில் புதைந்த வாசனை ஆகிய இவற்றோடு ஒரு கோழித் துண்டு போட்டியிட முடியுமா என்ற கேள்வி நியாயமானது. இங்கே உளவியலாளர் டேவிட் பிரெமாக் 1959-ல் முன்வைத்த கருத்து கைகொடுக்கிறது. ஓர் உயிர் தானாக மிகவும் விரும்பிச் செய்வதையே, அது அவ்வளவாக விரும்பாத செயலுக்குப் பரிசாக்கலாம் என்பது அதன் சாரம். நாய் ஆசையோடு ஒரு புதரை முகர்கிறதா? அழையுங்கள், வந்ததும் ஒரு துண்டு கொடுத்து, ‘போ’ என்று அதே புதருக்கே திருப்பி அனுப்புங்கள். விளையாட்டின் நடுவே அழைத்து, பட்டையைத் தொட்டு, மீண்டும் விளையாட விடுங்கள். பத்து முறை அழைத்தால் எட்டு ஒன்பது முறை இப்படித் திருப்பி அனுப்பினால், அழைப்பு வந்தால் விளையாட்டு பறிபோகும் என்ற எண்ணமே நாய்க்கு வராது. இந்தப் பயிற்சியில் தீனியைவிட இதுதான் வலுவான கருவி என்பது என் முடிவு.

அழைக்கும் தருணத்தையும் தேர்ந்தெடுங்கள். வேறொரு நாயை நோக்கிப் பாயத் தொடங்கிய நாயை அழைப்பது தொடக்கநிலையில் வீண். முகர்வதை நிறுத்தி ஒரு நொடி தலையைத் தூக்கும்போது, விளையாடும் நாய்கள் மூச்சு வாங்க நிற்கும்போது அழையுங்கள். வெற்றி உறுதி என்று தோன்றாதபோது வாயைத் திறக்காமல் அருகே நடந்து போய்விடுவதே மேல்.

கயிற்றை அவிழ்க்கும் நாள்

முதல் முறை அவிழ்ப்பது வேலியிட்ட, சாலைக்கு வழியில்லாத இடமாக இருக்க வேண்டும். நாய்களைக் கட்டாமல் விட உள்ளூர் விதிகள் அனுமதிக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசைக் குறைக்கும் அவசரம் வேண்டாம். பழக்கம் நன்கு ஊன்றிய பிறகு, சில நேரம் ஒரு துண்டு, சில நேரம் பாராட்டு மட்டும், எதிர்பாராத ஒரு நாளில் பெரிய விருந்து என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகச் செய்யும் செயல் எளிதில் அழிவதில்லை. ஆனால் மிகக் கடினமான சூழலிலிருந்து வந்த நாய்க்கு எப்போதும் உயர்ந்த பரிசு கொடுத்தே ஆக வேண்டும்.

எந்த நாயையும் கயிறின்றி விட்டுவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். மூக்கின் வழியே வேட்டையாடப் பழக்கப்பட்ட இனங்களும், அசையும் இரையைக் கண்ணால் பார்த்துத் துரத்தும் இனங்களும், வாசனையோ ஓட்டமோ பிடித்துவிட்டால் வேறெதையும் கேட்பதில்லை. நன்கு பயின்றிருந்தாலும் சாலையோரத்தில் அவற்றுக்குக் கயிறுதான் பாதுகாப்பு. மின்னதிர்ச்சி தரும் கழுத்துப் பட்டைகளை இதற்குத் தீர்வாகப் பயன்படுத்துவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். வலி வந்த கணத்தில் கண்ணெதிரே இருந்த குழந்தையோடோ இன்னொரு நாயோடோ அந்த வலியை நாய் இணைத்துக்கொண்டால், அந்தப் பயம் ஆக்ரோஷமாக மாறக்கூடும்.

குட்டியும் வளரிளம் பருவமும்

எட்டு வார வயதில் வீட்டுக்கு வரும் குட்டி, இயல்பாகவே நம் காலைச் சுற்றி வரும். அந்த வாரங்களிலேயே தொடங்கிவிடுங்கள். நான்கு மாதத்தில் பிரமாதமாக வந்துகொண்டிருந்த குட்டி, எட்டு மாதத்தில் காது கேளாததுபோல் நின்றால் மனம் தளர வேண்டாம். பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்ப் பயிற்சிக்காக வளர்க்கப்பட்ட நாய்களை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்து மாத வயதில் இருந்ததைவிட எட்டு மாத வயதில் அவை தம்மை வளர்ப்பவரின் கட்டளைக்குக் குறைவாகவே கீழ்ப்படிந்தன என்று கண்டது. அந்தப் பருவம் கடந்துபோகும். அதுவரை நீளக் கயிற்றை மீண்டும் மாட்டி, ஒன்றிரண்டு படி பின்னால் வந்து, பயிற்சியை விடாமல் தொடருங்கள். வளர்ந்த பின் தத்தெடுத்த நாயும் இதே முறையில் நன்றாகக் கற்கும். புதிய வீடும் மனிதர்களும் பழகும்வரை மட்டும் கயிறின்றி வெளியே விடாதீர்கள்.

கையை மீறி ஓடிவிட்டால்

துரத்தாதீர்கள். துரத்தினால் அதற்கு அது விளையாட்டாகவோ ஆபத்தாகவோ தெரியும். இரண்டிலும் அது இன்னும் வேகமாகத்தான் ஓடும். நாயின் பெயரைச் சொல்லிக் கவனத்தை ஈர்த்து, எதிர்த்திசையில் ஓடுங்கள். பெரும்பாலான நாய்கள் திரும்பிப் பின்தொடரும். அது பலிக்காவிட்டால் தரையில் உட்கார்ந்து, எதையோ கண்டெடுத்தவர்போல் மண்ணைக் கிளறுங்கள். தீனிப் பொட்டலத்தைச் சலசலக்கச் செய்யுங்கள். நாய் எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும், உங்கள் நெஞ்சு எவ்வளவு படபடத்தாலும், வந்ததும் பாராட்டித் தீனி கொடுத்த பிறகே கயிற்றை மாட்டுங்கள். குளியல், நகம் வெட்டுதல் போன்ற பிடிக்காத வேலைகளுக்கு நாயை அழைக்காமல், நீங்களே அதனிடம் சென்று அமைதியாக அழைத்துவரும் பழக்கத்தையும் விடாதீர்கள்.

இவற்றோடு, குரலோடு சேர்த்து ஒரு கைச்சைகையையும் முதல் மாதத்திலிருந்தே காட்டி வாருங்கள். கையைப் பக்கவாட்டில் அகல விரித்து, உள்ளங்கையை மார்புக்குக் கொண்டுவருவது தொலைவிலிருந்தும் தெரியும். முதலில் சைகை, அடுத்த நொடி சொல் என்ற வரிசையில் செய்தால், சில வாரங்களில் நாய் சைகைக்கே வரத் தொடங்கும். பிறவியிலேயே காது கேளாத நாய்க்கு இதுவும், இருட்டில் டார்ச் விளக்கை ஒருமுறை மினுக்குவதும், தரையை மிதித்து அதிர்வு எழுப்புவதுமே அழைப்புகள். நன்றாகக் கேட்கும் நாய்க்கும் முதுமையில் காது மந்தமாவது சாதாரணம். அதனால் சொல்லோடு சைகையையும் அதன் வாழ்நாள் முழுவதும் அவ்வப்போது தீனி கொடுத்துப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.